கியர் மாறவில்லையா? கியர் பொக்ஸை இறக்குவதற்கு முன் இதை வாசியுங்கள்



இது நீளமான பதிவு. ஒட்டோ கியர் கெப் வைத்திருப்பவர்கள், வாங்க நினைப்பவர்கள், கராஜில் வேலை பழகும் எங்கள் பிள்ளைகள், மூன்று தரப்பும் கடைசி வரை வாசித்தால் நல்லது. வாகனம் இல்லாதவர்களும் வாசிக்கலாம். ஒரு குடும்பத்தின் ஐந்து இலட்சம் ரூபா எப்படிப் போகப் பார்த்தது, எப்படி மிஞ்சியது என்பதுதான் விடயம்.

முதலில் ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்று சொல்கிறேன். 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் ஐந்து வருடங்கள். அந்தக் காலத்தில் பழைய கெப்பெல்லாம் தங்கத்தின் விலைக்கு ஏறியது. இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டியைக்கூட விற்க மனமில்லாமல் திருத்தித் திருத்தி ஓட்டினோம். இப்போதும் அப்படித்தான் ஓட்டுகிறோம். பழைய ஒட்டோ கியர் வண்டி ஒன்றில் கோளாறு வந்தால் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் கேட்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "பொக்ஸ் போச்சு, மாத்தணும்."

என் ராத்தாவின் கணவர், அதாவது என் மச்சான், கட்டாரில் பதினொரு வருடம் உழைத்துவிட்டு வந்து ஒரு பழைய டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கெப் வாங்கினார். நான்கு கியர் ஒட்டோ. விடியற்காலையில் வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்றுவார். ஓட்டமாவடி, புனானை, வெலிகந்தை, மன்னம்பிட்டி வழியாகப் பொலன்னறுவைக்குப் போய் இறக்குவார். பின்னேரம் அங்கிருந்து அரிசி ஏற்றிக்கொண்டு காத்தான்குடிக்கு வருவார். போகும்போது மீன், வரும்போது அரிசி. வெறும் பெட்டியோடு ஓடும் தூரம் குறைவு. அல்ஹம்துலில்லாஹ், நல்ல தொழில்.

ஏழெட்டு மாதத்தில் வண்டி சண்டித்தனம் காட்டத் தொடங்கியது. ஓடிக்கொண்டிருக்கும்போது ஒன்றும் தெரியாது. எங்காவது நிறுத்தி மறுபடி எடுக்கும்போதுதான் பிரச்சினை. எஞ்சின் முனகும், வண்டி நகராது. "சேத்துக்குள்ள கிடந்த எருமை எழும்புற மாதிரி எழும்புது தம்பி" என்றார் மச்சான். புனானை ரயில் கடவையில் நிறுத்தி எடுக்க முயன்றபோது பின்னால் நின்ற பஸ்காரன் ஹோர்ன் அடித்தே கொன்றுவிட்டானாம்.

முதலில் ஒரு கராஜுக்குக் கொண்டு போனார். அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். வெறும் வண்டி, காய்ந்த நாள். நன்றாக ஓடியது. "வெறுமையா ஓடுது, லோட் ஏத்தினா இழுக்குதில்ல எண்டா உள்ளுக்குக் கிளச் கருகிப் போச்சு" என்று சொல்லிவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பொக்ஸ் ஒன்று போட, கூலியோடு ஐந்து இலட்சம். டாஷ்போட்டில் ஒரு சின்ன விளக்கு மினுங்குகிறதே என்று மச்சான் கேட்டதற்கு, "அது பட்டன் லூஸ், கணக்கெடுக்காதீங்க" என்று பதில்.

கையில் ஐந்து இலட்சம் இல்லை. மச்சான் இரண்டு இரவு தூங்கவில்லை. அடகு வைத்தால் வட்டி. லீசிங் பக்கம் போனாலும் அதே கதைதான். கடைசியில் ராத்தா தன் ஆறு காப்பையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டா. "வித்துப் போடுங்க, வட்டிக்கு மட்டும் போகாதீங்க" என்றா. அந்தக் காப்பு எங்கள் உம்மா அவவுக்குப் போட்டது. உம்மா இப்போது இல்லை.

நான் மெக்கானிக் இல்லை. ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டு வரை விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனால் கல்வியியல் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பாடம் எனக்கு மறக்காது. ஒரு விளைவுக்குக் காரணம் இதுதான் என்று சொல்ல வேண்டுமென்றால், மற்றதையெல்லாம் அப்படியே வைத்துவிட்டு அந்த ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். மாறி ஒன்று, மற்றவை மாறாதவை. ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளைக்குச் சொல்லும் விடயம். "லோட் ஏத்தினால் இழுக்காது" என்ற தீர்ப்பை அந்த முறையில் யாரும் சோதிக்கவில்லை.

மச்சானிடம் ஒரு கேள்விதான் கேட்டேன். "மீன் எவ்வளவு பாரம்? அரிசி எவ்வளவு பாரம்?"

மீனும் ஐஸும் சேர்த்து ஒரு அறுநூறு கிலோ வரும். அரிசி ஐம்பது கிலோ மூடை இருபது. அதாவது ஆயிரம் கிலோ. சரி, எப்போது வண்டி இழுக்கவில்லை? மீனோடு போகும்போது. அரிசியோடு வரும்போது? மச்சான் கொஞ்ச நேரம் யோசித்தார். "வரக்குள்ள ஒரு நாளும் மறிச்சதில்ல தம்பி."

பாரம் கூடிய பயணத்தில் வண்டி நன்றாக ஓடுகிறது. பாரம் குறைந்த பயணத்தில் இழுக்கவில்லை. அப்படியென்றால் காரணம் பாரம் இல்லை. கருகிய கிளச்சுக்கு மீனையும் அரிசியையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஒரு சி.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு போட்டுக் கொடுத்தேன். நாள், நேரம், என்ன ஏற்றினீர்கள், மழையா வெயிலா, எந்த இடத்தில் தொடங்கியது, விளக்கு மினுங்கியதா. பொலன்னறுவை ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கிட்டிய ஓட்டங்களை மட்டும் எடுத்துப் பன்னிரண்டு நாள் எழுதினார். ஏன் தூர ஓட்டத்தை நிறுத்தச் சொன்னேன் என்று பின்னால் சொல்கிறேன்.

கொப்பி சொன்னது இதுதான். மீன் ஏற்றிய எல்லா நாளும், புறப்பட்டு முக்கால் மணித்தியாலத்துக்குள் கோளாறு. விடியற்காலைக் குளிர் காரணமோ என்று பார்க்க, ஒரு நாள் அதே நேரத்தில் மீன் இல்லாமல் அதே பாதையில் ஓடச் சொன்னேன். கோளாறு இல்லை. ஒரு நாள் தேங்காய், கோளாறு இல்லை. பிறகு ஒரு நாள் ஏறாவூருக்கு வெறும் வண்டியோடு போய்வரும்போது பெருமழை. பெட்டியில் படங்கு இல்லை. அன்று கோளாறு வந்தது, விளக்கும் மினுங்கியது. வெறும் வண்டி!

பாரம் இல்லை, நேரம் இல்லை, பாதை இல்லை. எல்லாக் கோளாறு நாளிலும் இருந்த ஒரே பொருள் பெட்டிக்குள் தண்ணீர். மீன் நாளில் ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர், மற்ற நாளில் மழைத் தண்ணீர்.

இனி ஒட்டோ கியர் எப்படி வேலை செய்கிறது என்று எங்கள் மண்ணின் பாஷையில் சொல்கிறேன். 1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் ஹைட்ரமெட்டிக் என்ற பெயரில் முழு ஒட்டோ கியர் பெருமளவில் வந்தது. அன்றிலிருந்து அடிப்படை பெரிதாக மாறவில்லை. உள்ளே ஒரு பம்ப் ஒயிலை அழுத்தத்தோடு அனுப்பும். அந்த ஒயில் சின்னச் சின்ன வாய்க்கால் வழியாக ஓடி, எந்தக் கிளச்சை அழுத்த வேண்டுமோ அதை அழுத்தும். அதனால் கியர் மாறும். வாய்க்கால்கள் நிறைந்த அந்தத் தட்டைத்தான் வல்வ் பொடி என்கிறோம். வாய்க்காலைத் திறந்து மூடும் துருசுகள்தான் சோலனொய்ட்கள். எந்தத் துருசை எப்போது திறப்பது என்று கட்டளை போடுவது கம்பியூட்டர்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் உண்டு, வாய்க்காலும் நன்றாக இருக்கிறது, வயலும் இருக்கிறது. ஆனால் வட்டை விதானை சொல்லியனுப்பிய செய்தி துருசடிக்கு வந்து சேரவில்லை. வயல் காய்கிறது. இதற்குப் புதுக் குளம் வெட்டுவீர்களா?

மச்சானின் வண்டியிலிருப்பது ஏ-340 என்ற குடும்பத்துப் பொக்ஸ். அதில் கியர் மாற்ற இரண்டு சோலனொய்ட் உண்டு. முதலாவதற்கு மட்டும் மின் வந்தால் முதல் கியர். இரண்டுக்கும் வந்தால் இரண்டாம் கியர். இரண்டாவதற்கு மட்டும் வந்தால் மூன்றாம் கியர். இரண்டுக்குமே வராவிட்டால் நான்காம் கியர், அதாவது ஓவர்டிரைவ்.

இதைக் கவனியுங்கள். இரண்டு வயரும் அறுந்தால் டி-யில் போட்ட வண்டி நான்காம் கியரில்தான் நிற்கும். முதல் கியரின் விகிதம் 2.804. நான்காவதின் விகிதம் 0.705. ஒன்றை மற்றதால் வகுத்துப் பாருங்கள், ஏறத்தாழ நான்கு. அதாவது கியர் பொக்ஸ் கொடுக்கும் இழுவை நான்கில் ஒரு பங்காகிவிடும். அப்படி ஒரு வண்டியை நின்ற இடத்திலிருந்து எடுத்தால் எருமை மாதிரித்தான் எழும்பும். ஆனால் ஏற்கனவே வேகமாக ஓடிக்கொண்டிருந்தால் நான்காம் கியரில்தானே ஓடும், அதனால் கோளாறு தெரியாது. மச்சான் சொன்ன அடையாளம் அப்படியே பொருந்தியது.

இன்னொன்று. வண்டி மறிக்கும்போது லீவரை எல்-லில் போட்டால் நன்றாக இழுக்கிறது என்று மச்சான் கண்டுபிடித்து வைத்திருந்தார். எல்-லில் எடுத்து, பிறகு 2, பிறகு டி என்று கைக்கியர் மாதிரி ஓட்டி வீடு வந்திருக்கிறார். இது மிகப் பெரிய சாட்சி. இந்தப் பொக்ஸில் டி-யிலும் எல்-லிலும் முன்னோக்கி இழுப்பது அதே முன் கிளச்தான். அது கருகியிருந்தால் எல்-லிலும் இழுக்காது.

இவ்வளவையும் கொப்பியோடு எடுத்துக்கொண்டு ஆரையம்பதியில் ஒரு அண்ணனிடம் போனோம். வயதானவர். முன்னர் ஒரு அரச திணைக்களத்தின் பட்டறையில் வேலை செய்தவர், இப்போது வீட்டு முற்றத்திலேயே வேலை பார்க்கிறார். கொப்பியை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார். "சேர், நாப்பது வருசத்துல ஒருத்தரும் எனக்கு இப்பிடி எழுதிக் கொண்டந்து தந்ததில்ல. எல்லாரும் வந்து 'சத்தம் வருகுது, பாருங்க' எண்டுதான் சொல்லுவாங்க" என்று சிரித்தார்.

பிறகு அவர் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். இந்த வரிசைதான் முக்கியம்.

முதலாவது, ஒயில். வண்டியை ஓட்டிச் சூடாக்கினார். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, காலால் பிரேக்கை அழுத்தியபடி லீவரை பி-யிலிருந்து எல் வரை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் திரும்ப பி-க்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகுதான் கோலை இழுத்துப் பார்த்தார். எஞ்சின் ஒயில் பார்ப்பது போல நிறுத்திவிட்டுப் பார்த்தால் அளவு பிழையாகக் காட்டும். அளவு சரி. வெள்ளைத் துணியில் துடைத்தார், சிவப்பு. முகர்ந்து பார்த்தார், கருகல் மணம் இல்லை. "கிளச் கருகியிருந்தா இந்த ஒயில் கறுப்பா தீஞ்ச மணம் மணக்கும் சேர். இது நல்ல ஒயில்." ஐந்து இலட்சத்துக்கு எதிரான முதல் சாட்சி அந்தத் துணியில் இருந்தது.

இரண்டாவது, விளக்கு. மினுங்கிய விளக்கு ஓ/டி ஒஃப் விளக்கு. பட்டனை அழுத்தி ஓவர்டிரைவை நிறுத்தினால் அது நிலையாக எரியும். அது தானாக மினுங்கினால் கம்பியூட்டர் ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்து டொயோட்டாவில் ஸ்கேனர் தேவையில்லை. போனட்டுக்குள் ஒரு சிறு பெட்டி உண்டு. அதில் டி.ஈ.1, ஈ.1 என்ற இரண்டு துளைகளை ஒரு துண்டு வயரால் இணைத்துவிட்டு, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் ஓன் பண்ண வேண்டும். ஓவர்டிரைவ் பட்டன் ஓனில் இருக்க வேண்டும். கோளாறு இல்லையென்றால் விளக்கு ஒரே சீராக மினுங்கிக்கொண்டிருக்கும். கோளாறு இருந்தால் எண்ணிச் சொல்லும்.

அங்கே வேலை பழகும் பையன் ஒருவன் உள்ளே இருந்து விளக்கைப் பார்த்து எண்ணினான். அவன் என்னிடம் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாமல் பள்ளியை விட்டவன். "சேர், ஆறு... விட்டு ரெண்டு. பொறகு ஆறு... விட்டு மூணு" என்று கத்தினான். 62, 63. முதலாம் சோலனொய்டின் சுற்று, இரண்டாம் சோலனொய்டின் சுற்று. 42 அல்லது 61 வந்திருந்தால் வேக உணரி, 64 வந்திருந்தால் லொக்-அப் சோலனொய்ட். இந்த எண்களை அவன் மனப்பாடமாகச் சொன்னான். கணிதம் வராத பிள்ளை!

மூன்றாவது, வயரைக் கழற்றி ஓட்டிப் பார்ப்பது. பொக்ஸுக்குப் போகும் சோலனொய்ட் இணைப்பைக் கழற்றிவிட்டால் கம்பியூட்டருக்கும் பொக்ஸுக்கும் தொடர்பு இல்லை. அப்போது எல்-லில் முதல் கியர், 2-இல் மூன்றாம் கியர், டி-யில் நான்காம் கியர், ஆர்-இல் பின்னோக்கி வர வேண்டும். இரண்டாம் கியர் மட்டும் வராது. வாகன நடமாட்டம் இல்லாத பாதையில் ஓட்டினார். நான்கும் ஒழுங்காக வந்தன. அப்படி வந்தால் உள்ளிருக்கும் கிளச், பம்ப், பற்சில்லு எல்லாம் தம் வேலையைச் செய்கின்றன, கோளாறு மின் பக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்ய ஒரு ரூபாவும் செலவில்லை. பொக்ஸை மாற்றச் சொல்வதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

நான்காவது, மல்டிமீற்றர். அந்த சோலனொய்டின் தடை 11 முதல் 15 ஓம் வரை இருக்க வேண்டும். பொக்ஸ் பக்கத்தில் அளந்தார், இரண்டும் 13. சோலனொய்ட் நல்லது. கம்பியூட்டர் பக்க முனையில் வயரைக் கழற்றி அங்கிருந்து அளந்தார். அங்கேயும் 13. மச்சானின் முகம் வாடியது. அண்ணன் என்னைப் பார்த்தார். "இப்ப காஞ்சு கிடக்கு சேர். உங்கட கொப்பி சொல்றபடி தண்ணி ஊத்திப் பாப்பம்."

ஒரு போத்தல் தண்ணீரில் உப்பைக் கலக்கிப் பெட்டியின் முன் மூலையில் ஊற்றினோம். தண்ணீர் வடிதுளை வழியாகக் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் இறங்கியது. பையன் கீழே படுத்துக் கிடந்து வயர்க் கட்டை லேசாக அசைத்தான். மீற்றரில் எண் தாவியது. 13, 40, பிறகு சுற்றே இல்லை, மறுபடி 9. அண்ணன் மீற்றரை மச்சானின் கையில் கொடுத்து, "நீங்களே பாருங்க தம்பி" என்றார்.

முன்னர் எப்போதோ யாரோ இந்த வண்டியின் பொக்ஸை இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். அப்போது வயரை வெட்டி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றி, மிஞ்சிய நீளத்தைப் பின்னால் குறுக்குச் சட்டத்தில் கட்டிவிட்டிருக்கிறார்கள். சரியாக ஐஸ் தண்ணீர் வடியும் இடத்தில். டேப்பை உரித்தபோது செம்பு பச்சையாகப் பூத்துப் போயிருந்தது. இழை இழையாக அரித்து, இரண்டு மூன்று இழைதான் மிச்சம். உப்பு நீர் பட்டால் மின் சட்டத்துக்குக் கசியும். வண்டி குலுங்கினால் இழை விலகும். காய்ந்தால் மறுபடி சரியாகிவிடும். பொலன்னறுவையில் மீனை இறக்கிவிட்டுப் பெட்டியை மத்தியானம் வரை வெயிலில் காயவிட்டுத்தான் மச்சான் அரிசி ஏற்றுவார். அதனால்தான் வரும்போது ஒரு நாளும் மறிக்கவில்லை.

அரித்த துண்டை வெட்டி எறிந்து, புது வயர் வைத்து, ஈயம் வைத்து ஒட்டி, சூடு காட்டினால் சுருங்கும் குழாய் போட்டு, கட்டைத் தண்ணீர் படாத உயரத்துக்கு மாற்றினார். பெட்டியின் வடிதுளைக்கு ஒரு இறப்பர்க் குழாய் மாட்டித் தண்ணீரைப் பின்னால் இறங்க வைத்தார். கம்பியூட்டரின் நினைவை அழித்தார். சாமானும் கூலியுமாக நாலாயிரம் ரூபாவுக்குக் கீழே. மச்சான் கூடக் கொடுத்ததை வாங்க மறுத்துவிட்டார். "பையனுக்கு ஏதும் குடுங்க" என்றார்.

சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஓமின் விதி படிப்பிக்கும்போது இனி இந்தக் கதையைத்தான் சொல்வேன். 12 வோல்ட், 13 ஓம். வகுத்தால் ஒரு அம்பியருக்கும் குறைவு. அந்தச் சின்ன மின்னோட்டம் போய்ச் சேராததால் ஆயிரம் கிலோ சுமக்கும் வண்டி நகராமல் நின்றது.

இனி, தூர ஓட்டத்தை ஏன் நிறுத்தச் சொன்னேன் என்று சொல்கிறேன். நான்காம் கியரில் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது. அந்த வித்தியாசம் முழுவதும் டோர்க் கன்வேர்ட்டருக்குள் ஒயிலைக் கடைந்து சூடாக்கும். இதே நிலையில் மாதக்கணக்கில் பாரம் ஏற்றி ஓடினால் ஒயில் கெடும், கிளச் உண்மையாகவே கருகும். நாலாயிரம் ரூபாக் கோளாறு ஐந்து இலட்சக் கோளாறாக மாறுவது இப்படித்தான். ஆகவே "எல்-லில் போட்டால் ஓடுதுதானே" என்று சமாளித்துக்கொண்டிருக்காதீர்கள்.

எல்லாக் கோளாறும் வயரில்தான் என்று நான் சொல்லவில்லை. பொக்ஸ் உண்மையாகவே போகும் வண்டிகளும் உண்டு. அன்று அண்ணனிடம் கேட்டு எழுதிக்கொண்டதை உங்களுக்காகத் தருகிறேன்.

லீவரை என்-னிலிருந்து டி-க்கு மாற்றினால் 1.2 செக்கனுக்குள்ளும், ஆர்-க்கு மாற்றினால் 1.5 செக்கனுக்குள்ளும் வண்டி பிடித்த உணர்வு வர வேண்டும். போன் கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். அதற்கு மேல் தாமதித்தால் ஒயில் குறைவு, அழுத்தக் குறைவு, அல்லது கிளச் தேய்வு.

முன்னுக்கும் பின்னுக்கும் எல்லாக் கியரிலும் வழுக்கினால் முதலில் ஒயில் அளவும் வடியும், பிறகு அழுத்தம். ஒரு கியரில் மட்டும் வழுக்கினால் அந்தக் கியருக்குரிய கிளச் அல்லது அதன் வாய்க்கால்.

பழைய வண்டிகளில் அக்சிலேற்றரோடு சேர்ந்து அசையும் துரோட்டல் கேபிள் ஒன்று பொக்ஸுக்குப் போகும். அது தளர்ந்தால் அழுத்தம் குறைந்து கியர் வழுக்கும். மிதமிஞ்சி இறுகினால் கியர் தாமதமாக மாறும், மாறும்போது முதுகில் குத்தும். கேபிளைச் சரி செய்ய ஸ்பானர் போதும்.

காலையில் ஓவர்டிரைவ் விழவில்லையென்றால் உடனே பயப்படாதீர்கள். எஞ்சின் சூடாகும் வரை கம்பியூட்டர் நான்காம் கியரைத் தடுத்து வைத்திருக்கும். எங்கள் பக்கத்தில் "சூடான நாட்டுக்கு இது தேவையில்ல" என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிறகு எஞ்சின் சூடாக நீண்ட நேரம் எடுக்கும், நான்காம் கியரும் தாமதிக்கும், டீசலும் வீணாகும். பழியோ பொக்ஸின் தலையில் விழும்.

ஒயில் ஸ்ட்ரோபெரி மில்க் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஒன்றில் றேடியேற்றருக்குள் இருக்கும் ஒயில் கூலர் வெடித்திருக்கும். அல்லது வெள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள். மாரி காலத்தில் படுவான்கரைப் பக்கம் ஓடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொக்ஸுக்கு மூச்சு விட ஒரு குழாய் உண்டு. சூடான பொக்ஸ் வெள்ளத்தில் திடீரென்று குளிரும்போது அந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்படியான ஒயிலோடு ஒரு கிலோமீற்றர்கூட ஓடாதீர்கள். அன்றே மாற்றுங்கள்.

ஒட்டோ வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பின் சக்கரங்கள் தரையில் உருளக் கட்டி இழுக்கவும் கூடாது. எஞ்சின் ஓடாவிட்டால் பம்ப் ஓடாது, பொக்ஸ் ஒயில் இல்லாமல் காய்ந்து சுற்றும். லொறியில் ஏற்றுங்கள், அல்லது நன்கு தெரிந்தவரைக் கொண்டு பின் சக்கரங்களைத் தூக்கி இழுங்கள்.

ஒயில் வகையைப் புத்தகத்தில் உள்ளபடியே ஊற்றுங்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. 2015க்குப் பின் வந்த ஆறு கியர் ஹைலக்ஸ் போன்ற புதிய வண்டிகளின் எண்களும் அளவுகளும் வேறு. அவற்றுக்கு ஸ்கேனர் வேண்டும். ஆனால் சோதிக்கும் வரிசை அதேதான்: ஒயில், கோளாறு எண், மின் பக்கம், கடைசியில் பொக்ஸின் உட்பக்கம்.

ஒயில் கறுத்து, தீய்ந்து மணந்து, அடித்தட்டைக் கழற்றினால் உள்ளே கறுப்புத் தூளும் உலோகத் துகளும் குவிந்திருந்தால், அப்போது மாற்றத்தான் வேண்டும். அந்தச் செலவு நியாயமானது. அதையும் கண்ணால் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கராஜ்காரர்கள் யாரும் இதை வாசித்துக் கோபித்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் நேரத்துக்கும் கூலிக்கும் நடுவில் நிற்பவர்கள். காய்ந்த வண்டியைக் கொண்டுவந்து "இழுக்குதில்ல" என்ற ஒரு சொல்லோடு விட்டுப்போகும் ஆளுக்கு என்னதான் செய்ய முடியும்? வண்டிக்காரர்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். ஒரு கொப்பி வாங்குங்கள். எப்போது, எங்கே, என்ன பாரம், என்ன வானிலை, எந்த விளக்கு என்று ஒரு கிழமைக்காவது எழுதுங்கள். ஒரு சின்னக் கொப்பி பெரிய காசைக் காப்பாற்றும்.

பொக்ஸ் மாற்றச் சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். ஒயிலைத் துணியில் துடைத்துக் காட்டுவீர்களா? கோளாறு எண் என்ன வந்தது? சோலனொய்ட் இணைப்பைக் கழற்றி ஓட்டிப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் பதில் இருந்தால் அவரை நம்புங்கள். இல்லையென்றால் சலாம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு சொல். கணிதத்தில் சித்தியடையவில்லை என்று நாங்கள் ஒதுக்கிவிட்ட பிள்ளை, விளக்கின் மினுக்கத்தை எண்ணி 62, 63 என்று பிழையில்லாமல் சொன்னான். மச்சானின் கொப்பியை விரித்து, எந்த நாளில் ஏன் மறித்தது என்று எனக்கே விளங்கப்படுத்தினான். அவனுக்கு மூளை இல்லை என்று எந்த வாய் சொல்லும்? 2013இலிருந்து உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு இருக்கிறது. அதற்குப் போக முடியாத பிள்ளைகளுக்கும் தொழிற்பயிற்சிக்கு வழிகள் இருக்கின்றன. கராஜில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைக்கு ஒரு மல்டிமீற்றர் வாங்கிக் கொடுங்கள், அதைப் பாவிக்கப் பழக்குங்கள். நாளை எங்கள் வண்டிகளைத் திருத்தப் போகிறவர்கள் அவர்கள்தான். அந்தப் பையன் வாரத்தில் இரண்டு நாள் மஃரிபுக்குப் பிறகு என் வீட்டுக்கு வருகிறான். கணிதம் மறுபடி எழுதப் போகிறான். துஆச் செய்யுங்கள்.

ராத்தாவின் ஆறு காப்பும் அவவின் கையில்தான் இருக்கின்றன. அல்ஹம்துலில்லாஹ்.

கெப் ஓட்டும் உறவுகளுக்கு இதை அனுப்பிவிடுங்கள். வேலை தெரிந்த பாஸ்மார் நான் விட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள், எல்லோரும் படித்துக்கொள்வோம்.